ஸ்க்ரோல் சா தமிழ் எழுத்தை வெட்டத் திணறுகிறது, பெரிய மெஷினுக்கு மாறலாமா?

ஜூன் 9, 2024: கேள்வி

16 இஞ்ச் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் ரம்ப மெஷின்) ஆன்லைனில் வாங்கினேன். வீட்டு வாசலுக்கு ‘அன்பு இல்லம்’ என்று முக்கால் இஞ்ச் தேக்கில் வெட்டப் பார்க்கிறேன். கோட்டை விட்டு வலது பக்கமே ஓடுகிறது, ஓரம் கருகுகிறது, பிளேடு படக் படக்கென்று உடைகிறது. இதை விற்றுவிட்டு 20 இஞ்ச் மெஷின் வாங்கினால் சரியாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு

விற்காதீங்க தம்பி. 16 இஞ்ச், 20 இஞ்ச் என்பதெல்லாம் பிளேடுக்கும் பின்னால் இருக்கும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி. எவ்வளவு பெரிய பலகையை உள்ளே விட்டுத் திருப்பலாம் என்பதற்கான கணக்கு அது. கோடு சுத்தமாக வருவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரிய மெஷினில் அதிர்வு குறையும், பிளேடு மாட்டுவது சுலபம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்போது மாட்டியிருக்கும் அதே பிளேடை அதில் மாட்டினால் அங்கேயும் கருகத்தான் செய்யும்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: பெட்டியோடு வந்த பிளேடுதானே ஓடுகிறது? இரண்டு முனையிலும் குறுக்கே சின்ன ஊசி இருக்கிறதா?

ஜூன் 10

ஊசி இருக்கிறதாம். அப்படியென்றால் பாதி விஷயம் அங்கேதான்.

ஊசி வைத்த பிளேடு மாட்டுவதற்கு எளிது, அதனால் கம்பெனிக்காரர்கள் அதையே வைத்து அனுப்புகிறார்கள். ஆனால் அது தடித்த பிளேடு. எழுத்தின் உள்வளையத்துக்குள் அதை நுழைக்க அந்தக் குறுக்கு ஊசியும் போகிற அளவுக்குத் துளை வேண்டும், நாலைந்து மில்லிமீட்டர் வந்துவிடும். ஊசி இல்லாத பிளேடு என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போதும். ‘ன’வின் சுழி எவ்வளவு இருக்கும் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

உங்கள் மெஷினில் ஊசியில்லா பிளேடைப் பிடிக்கும் கிளாம்ப் இருக்க வாய்ப்புண்டு. பெட்டிக்குள் சின்னதாக இரண்டு இரும்புத் துண்டும் ஒரு ஆலன் கீயும் கிடக்கும், தேடுங்கள். இரண்டு வகை பிளேடும் 5 இஞ்ச் நீளம்தான்.

ஜூன் 10, சாயங்காலம்

வலது பக்கம் ஓடுவது பற்றி. பெரும்பாலான பிளேடுகளைச் செய்யும்போது பல்லின் ஒரு பக்கத்தில் மெல்லிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும், அதனால் நேர்கோட்டில் தள்ளினாலும் வெட்டு சாய்ந்து ஓடும். மரத்தை நேராகத் தள்ளாமல் கொஞ்சம் கோணலாகப் பிடித்துத் தள்ளிப் பழக வேண்டும். கை பழகிவிட்டால் அது தெரியவே தெரியாது. சாணை பிடித்துச் செய்த பிளேடில் இந்த ஓட்டம் குறைவு, விலை அதிகம்.

மேஜையில் வேலியை, அதாவது நேர்ச்சட்டத்தைக் கட்டி அதை ஒட்டித் தள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேஜை ரம்பத்துக்குத்தான் வேலி சரி. ஸ்க்ரோல் சாவில் வேலி போட்டால் பிளேடு வளைந்து கருகும்.

ஜூன் 12

என்ன எண் பிளேடு வாங்குவது என்று கேட்டிருக்கிறார். 2/0 என்பது 0-வையும்விடச் சின்ன எண், அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அகலம், நூல் மாதிரி இருக்கும். 5 கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் அகலம், 0.4 மில்லிமீட்டர் கனம். எண் ஏற ஏற அகலமும் கனமும் ஏறும், பல் குறையும். இரண்டு நூல் (6 மி.மீ.) பிளைவுட்டுக்கு 3 அல்லது 5. உங்கள் முக்கால் இஞ்ச் தேக்குக்கு 7 அல்லது 9. 2/0 போட்டுத் தேக்கை அறுக்கப் போனால் பிளேடும் போகும், பொறுமையும் போகும்.

பல்லின் அமைப்பையும் பாருங்கள். ‘ஸ்கிப்’ என்றால் ஒரு பல் விட்டு ஒரு பல், தூள் வெளியேற இடம் கிடைக்கும், சூடு குறையும். ‘ரிவர்ஸ்’ என்றால் கீழ்க்கோடியில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும், மரத்தின் அடிப்பக்கம் சிராய் பெயராமல் வெட்டும். பெயர்ப்பலகைக்கு ஸ்கிப்பும் ரிவர்ஸும் சேர்ந்தது வாங்குங்கள். ‘ஸ்பைரல்’ நாலாபுறமும் வெட்டும், மரத்தைத் திருப்பவே வேண்டாம் என்று விளம்பரம் செய்வார்கள். ஓரம் சொரசொரவென்று வரும். எழுத்து வேலைக்கு அது ஆகாது.

மாட்டும்போது பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆள்காட்டி விரலை மெதுவாக மேலே இழுத்தால் நகத்தைக் கவ்வும், கீழே இழுத்தால் வழுக்கும். இதற்கு நேர்மாறாக இருந்தால் பல் மேலே பார்த்து மாட்டியிருக்கிறது, கழற்றித் திருப்புங்கள். மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இந்தச் சோதனை.

ஜூன் 15

உடைவது பற்றி நேற்று போனில் ஒரு நண்பர் கேட்டார், அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

புது பிளேடில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். கிளாம்ப் பிடிக்கும் இரண்டு முனையையும் 220 உப்புத்தாளில் ஒரு தேய், தின்னர் தொட்ட துணியில் ஒரு துடைப்பு. இல்லையென்றால் வேலை நடுவில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். டென்ஷன் ஏற்றியபின் விரலால் சுண்டினால் ‘டிங்’ என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ‘தொப்’ என்று கேட்டால் தளர்வு. பக்கவாட்டில் அழுத்தினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் உடைந்தால் நீங்கள் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். பல் மழுங்கிய பிறகும் அதையே ஓட்டினால் தன்னையறியாமல் அழுத்தம் கூடும், அங்கேதான் உடைகிறது. பிளேடு தேய்வதற்கென்றே உள்ள பொருள், கத்தி மாதிரி காலம் முழுக்க வைத்துக்கொள்வதல்ல. தேக்கில் ஒரு பிளேடு கால் மணி நேரம் நன்றாக வெட்டினால் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

இன்னொன்று. மேலும் கீழும் போகும் தூரம் முக்கால் இஞ்ச்தான், அதனால் பிளேடின் நடுப்பகுதி மட்டுமே தேயும். மேஜை மேல் ஒரு பிளைவுட் துண்டை ஒட்டி உயர்த்திவிட்டால் தேயாத பல் வேலைக்கு வரும். பட்டறையில் நாங்கள் வழக்கமாகச் செய்வது.

ஜூன் 16

“பட்டறை” என்றதும் எந்தப் பட்டறை என்று கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் வார்ப்படத் தொழிற்சாலைகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுக்கும் பேட்டர்ன் ஷாப். இரும்பு ஆறும்போது சுருங்கும், ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. அதனால் எங்கள் அளவுகோலே கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். மணலில் இருந்து மாதிரி சுலபமாக உருவி வர பக்கச் சுவருக்குச் சாய்வு கொடுப்போம். இந்தச் சாய்வு விஷயம் பின்னால் தேவைப்படும்.

ஜூன் 23

இப்போது எழுத்து. இதை எழுதத்தான் காத்திருந்தேன். வெளிநாட்டு வரைபடங்களை இறக்கி வெட்டிப் பழகியவர்கள் தமிழில் கை வைத்ததும் திணறுவது இங்கேதான்.

ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரே துண்டு. நம் எழுத்தில் புள்ளி தனியாக நிற்கும், கால் தனியாக நிற்கும், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தனி. ‘அன்பு இல்லம்’ என்பதில் மட்டும் ன், ல், ம் என மூன்று புள்ளி. எழுத்தை வெட்டி எடுத்தால் அந்த மூன்றும் உதிரியாக மேஜைத் துளைக்குள் விழுந்து காணாமல் போகும். ஆய்த எழுத்து வந்தால் சொல்லவே வேண்டாம்.

மூன்று வழி உண்டு.

முதலாவது, எழுத்துகளைத் தனித்தனியே வெட்டிப் பின்பலகையில் ஒட்டுவது. இதில் புள்ளியை வெட்டவே வெட்டாதீர்கள். உருண்டைக் குச்சியை வட்ட வட்டமாக நறுக்கினால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் வரும். சோபாவுக்கு அடிக்கும் குமிழ்த் தலைப் பித்தளை ஆணியை அடித்தால் இன்னும் அழகு. தேக்கு எழுத்தின் தலையில் அந்தப் பித்தளை மின்னுவதைப் பார்த்தால் விடமாட்டீர்கள். ஒட்டுவதற்கு முன் அச்செடுத்த தாளின் இன்னொரு பிரதியைப் பின்பலகையில் வைத்து இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் ஒட்டினால் ‘இ’ தள்ளிப் போய் நிற்கும்.

இரண்டாவது, எழுத்துகளின் அடியில் ஒரு பட்டை ஓடவிட்டு எல்லாவற்றையும் அதில் இணைப்பது. புள்ளிக்கு மேலேயும் ஒரு பட்டை வேண்டியிருக்கும். வடிவமைக்கும்போதே எழுத்து பட்டைக்குள் ஒரு நூல் அளவாவது இறங்கும்படி வரையுங்கள். வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம்தான் முதலில் ஒடியும்.

மூன்றாவது, எழுத்தை வெட்டி வெளியே எடுத்துவிட்டுப் பலகையில் ஓட்டையாக விடுவது. இங்கே கதை தலைகீழ். நம்மைப் பாடுபடுத்திய புள்ளி இதில் வெறும் டிரில் துளை, ஒரு நிமிட வேலை. ஆனால் அ, இ, ன, ல போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் கழன்று விழும், அதைப் பிடித்து நிறுத்த மெல்லிய பாலம் விட வேண்டும். ப, ட இரண்டும் புண்ணியம் செய்த எழுத்துகள், முதல் முறையில் உள்துளை வேண்டாம், இந்த முறையில் பாலம் வேண்டாம்.

எந்த வழியானாலும் வரிசை இதுதான்: உள்வெட்டு எல்லாம் முதலில், அதிலும் சின்னது முன்னால், பெரியது பின்னால். வெளிக்கோடு கடைசி. வெளியே வெட்டிவிட்டு உள்ளே போனால் பிடித்துக்கொள்ளப் பலகையே இருக்காது, விரல் பிளேடுக்குப் பக்கத்தில் போகும்.

மெல்லிய கோடுள்ள எழுத்துரு வேண்டாம். கோட்டின் அகலம் மரத்தின் கனத்தில் பாதிக்கும் கீழே போனால் கொம்பின் வளைவில், நார் குறுக்காக ஓடும் இடத்தில், மாட்டும்போதே பிய்ந்து வரும்.

ஜூன் 24

நேற்றைய குறிப்பில் விட்டது. தாளை நேரடியாக மரத்தில் ஒட்டாதீர்கள், உரிக்க நாள் போய்விடும். மரத்தில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசை, அதன்மேல் தாள், எல்லாவற்றுக்கும் மேலே பார்சல் ஒட்டும் பளபளப்பு டேப். இந்த மேல் டேப் பிளேடுக்கு வழவழப்புக் கொடுக்கும். தேக்கு, தோதகத்தி (ரோஸ்வுட்) மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரத்தில் கருகல் கண்கூடாகக் குறையும்.

ஜூன் 30

நகைப் பட்டறையில் கிடைக்கும் பிளேடே போதும், அதுவும் 5 இஞ்ச்தான், விலையும் மலிவு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நீளம் ஏறத்தாழ அதுவே, கிளாம்பில் உட்காரவும் செய்யும். ஆனால் அதன் பல் உலோகத்துக்கானது, நெருக்கமாக இருக்கும். மரத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு பிளேடு வெட்டுவதை விட்டுத் தேய்க்க ஆரம்பிக்கும், உடனே புகை. பித்தளைத் தகட்டில் எழுத்து வெட்டுவதானால் அதைத்தான் வாங்க வேண்டும். தகட்டை இரண்டு மெல்லிய பிளைவுட்டுக்கு நடுவே வைத்து, வேகத்தைக் குறைத்து, மெழுகு தடவி வெட்டுங்கள்.

ஜூலை 14

மரம். கேட்டவர் தேக்கோடு மல்லுக்கட்டுவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தேக்கு வெட்ட மிருதுவாகத் தோன்றும், ஆனால் உள்ளே சிலிக்கா என்ற மணற்சத்து உண்டு. எந்தப் பல்லையும் மழுக்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டும் முன் தின்னரில் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது. வெயில் மழையில் நிற்க அதற்கு நிகர் இல்லை என்பதால் வாசல் பலகைக்குத் தேக்குதான் சரி. ஆனால் கற்றுக்கொள்ள அது மரமல்ல.

கற்றுக்கொள்ளக் குமிழ் மரம். வெளிர் நிறம், லேசு, நார் ஒழுங்கு, காய்ந்தபின் முறுக்காது. மலை வேம்பும் அப்படியே, இன்னும் மென்மை. நீலகிரிப் பக்கம் தேயிலைக்கு நிழலாக வைக்கும் சில்வர் ஓக் கிடைத்தால் விடாதீர்கள். நடுத்தண்டிலிருந்து பட்டை நோக்கி ஆரவாக்கில் அறுத்த பலகையில் மினுமினுப்பான பொட்டுப் பொட்டாகப் பூ இருக்கும், எழுத்துக்குப் பின்பலகையாக வைத்தால் தனி அழகு. பலா மஞ்சளாக வெட்டுப்பட்டு, நாளாக நாளாகப் பொன்பழுப்பாக ஏறும். பூவரசின் சேகு (நடுவில் உள்ள வைரப் பகுதி) அடர்ந்த பழுப்பு, வெள்ளைப் பகுதியோடு சேர்த்து வெட்டினால் ஒரே துண்டில் இரண்டு நிறம் கிடைக்கும்.

வேம்பில் நார் பின்னிக் கிடக்கும், மெல்லிய பிளேடு இழுத்த இழுப்புக்குப் போகும். மாமரம் மலிவு, பூச்சி விழும். பேக்கிங் பெட்டி பைன் மரத்தைப் பலரும் எடுக்கிறார்கள். அதில் ஒரு வளையம் பஞ்சு, அடுத்த வளையம் கட்டி. பிளேடு பஞ்சு வந்த இடத்தில் துள்ளும், கட்டி வந்த இடத்தில் நிற்கும். வளைவுக்கோடு நடுங்கினாற்போல வரும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அதில் பழகினால் உங்கள் கைமேல் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

பிளைவுட்டில் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 முத்திரை உள்ளது வீட்டுக்குள்ளே, ஐ.எஸ். 710 தண்ணீர் படும் இடத்துக்கு. ஆனால் நமக்கு அதைவிட முக்கியம் நடுவில் பொந்து இருக்கிறதா என்பது. கடையில் பலகையின் ஓரத்தைச் சுற்றிலும் பாருங்கள், கறுப்பாக இடைவெளி தெரிந்தால் எழுத்து அந்த இடத்தில் உடையும். பிர்ச் பிளைவுட்டில் அடுக்கு நெருக்கம், பொந்து குறைவு, விலைதான் கையைக் கடிக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை அழகாக வெட்டுப்படும், ஆனால் வாசலில் மாட்டினால் முதல் மழைக்கே ஊதிவிடும்.

ஜூலை 15

எம்.டி.எஃப். பற்றி எழுதியவுடன் சொல்லியிருக்க வேண்டியது: மாஸ்க் இல்லாமல் வெட்டாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. எங்கள் தலைமுறை வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்தது. அந்தத் துண்டு நுண்தூளை நிறுத்தாது. என் கூட வேலை பார்த்தவர்களின் இருமலைக் கேட்டவன் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன், N95 மாஸ்க் போடுங்கள். தூளை ஊதிவிடும் குழாய் கோட்டைத்தான் காட்டும். தூள் உங்கள் மூக்குக்குத்தான் வரும்.

ஆகஸ்ட் 4

முன்பக்கம் எழுத்து சரியாக இருக்கிறது, பின்பக்கம் திருப்பினால் சின்னதாக இருக்கிறது என்று கேள்வி. மேஜை மட்டம் இல்லை. மேஜையின் சாய்வைக் காட்டும் முள்ளை நம்பாதீர்கள். கனமான கட்டையில் லேசாக ஒரு கோடு வெட்டுங்கள், மெஷினை நிறுத்துங்கள், கட்டையை அப்படியே பிளேடுக்குப் பின்பக்கம் கொண்டுபோய் அதே கோட்டில் பிளேடின் முதுகை நுழையுங்கள். அலுங்காமல் நுழைந்தால் 90 பாகை. ஒரு பக்கம் முட்டினால் மேஜையைத் திருத்துங்கள்.

நவம்பர் 3

பலகை வெட்டியாகிவிட்டது, படம் அனுப்பியிருக்கிறார். ‘ல்ல’ இரண்டும் ஒரே அச்சாக வந்திருக்கிறது, மனம் நிறைந்துவிட்டது. இப்போது பாலிஷ்.

பலரும் செய்வதைப் பார்த்து வருத்தமாக இருப்பதால் முதலில் இது: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். பூசிய அன்று மினுக்கும். காய்ந்து படலமாக மாறும் குணம் அவற்றுக்கு இல்லை, பிசுபிசுத்துத் தூசி பிடித்துச் சிக்கு வாடை வரும். காயும் எண்ணெய் என்றால் ஆளிவிதை, கடையில் டபுள் பாயில்டு என்று கேளுங்கள். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

வீட்டுக்குள் மாட்டும் வேலைக்கு எனக்குப் பிடித்தது அரக்கு (ஷெல்லாக்). பேட்டர்ன் ஷாப்பில் ஈரமணல் ஒட்டாமல் இருக்க மாதிரிகளுக்கு அதைத்தான் அடிப்போம். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 240 கிராம் அரக்குச் சருகு (செதில்), இரவு முழுக்க ஊறவிட்டுத் துணியில் வடிகட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிட் கேட்டால் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டவருக்கு: தமிழ்நாட்டில் அதற்கும் பிரெஞ்சு பாலிஷுக்கும் 1959-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, உரிமம் உள்ளவர்தான் விற்க முடியும்.

ஐப்பசி, கார்த்திகையில் அரக்கு பூசினால் ஈரத்தை இழுத்து வெள்ளையாக மூடும். இரண்டு நாள் வெயிலுக்குக் காத்திருங்கள்.

நவம்பர் 5

வாசலில் மாட்டுவதானால் அரக்கு ஆகாது, தண்ணீர் பட்டால் வெளுத்துப்போகும். வெளிப்புறத்துக்கென்று விற்கும் பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ்தான். அரக்கை முதல் பூச்சாக அடித்து மேலே பி.யு. அடிக்க நினைத்தால் மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்பூச்சு தோலாக உரியும்.

நுணுக்கமான உள்வெட்டு உள்ள பலகையில் பிரஷ் போகாதீர்கள். ஒவ்வொரு துளையின் அடியிலும் சொட்டு தேங்கி நிற்கும். தட்டில் நீர்த்த வார்னிஷை ஊற்றிப் பலகையை முக்கி எடுத்து, செங்குத்தாக வடியவிட்டு, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுங்கள். காய்ந்ததும் 320 உப்புத்தாளில் மென்மையாகத் தேய்த்து இன்னொரு முக்கு.

நவம்பர் 17

மைசூரு தோதகத்திப் பதிப்பு வேலையும் இதே மெஷினா என்று கேட்டிருக்கிறார்கள். அது கை ரம்பம். வில் மாதிரி வளைந்த சட்டத்தில் நூல் பிளேடு கட்டி, வேறு வேறு நிற மரங்களில் யானை, மயில், இலை என்று வெட்டி, தோதகத்தியில் உளியால் பள்ளம் எடுத்துப் பதிப்பார்கள். அரண்மனைக் கதவுகளில் அந்தக் காலத்தில் பதித்தது யானைத் தந்தம். 1986-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தித் தந்த வியாபாரத்தைத் தடுத்த பிறகு அதற்கு வழியே இல்லை. அது போனதே நல்லது. மரத்தின் சொந்த நிறங்களை மட்டுமே வைத்து இப்போது செய்கிற மேகமும் ஆறும் எனக்கு அதைவிட உயர்வாகத் தெரிகிறது.

மெஷினில் பள்ளமே தோண்டாமல் பதிக்க ஒரு வழி இருக்கிறது. பேட்டர்ன் ஷாப் சாய்வு இங்கேதான் உதவும். இரண்டு நிற மரத்தை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேஜையைச் சாய்த்து, ஒரே சுற்றில் இரண்டையும் வெட்டுங்கள். மேல் மரத்துத் துண்டு கீழ் மரத்து ஓட்டைக்குள் இறங்கிச் சிக்கென்று நிற்கும், பிளேடு தின்ற இடைவெளியைச் சாய்வு மூடிவிடும். எத்தனை பாகை என்றால், பிளேடு தின்னும் கனத்தை ஒரு பலகையின் கனத்தால் வகுத்து கால்குலேட்டரில் சைன் தலைகீழ் (sin⁻¹) பாருங்கள். 0.4 மி.மீ. பிளேடும் 6 மி.மீ. பலகையும் என்றால் 3.8 பாகை. பலகை கனமானால் சாய்வு குறையும். சுற்றும் திசையை நடுவில் மாற்றக்கூடாது, மாற்றினால் ஒரு பாதி இறங்கும், மறு பாதி முட்டும். துளை போடும் டிரில்லும் அதே சாய்வில் இருக்கட்டும். பிளேடு நுழைகிற அளவுக்கு மெல்லிய பிட் போதும், வெட்டி முடித்தபின் அந்தத் துளை நாரோடு நாராக மறைந்துவிடும்.

நவம்பர் 18

முதலில் உதவாத துண்டில் இரண்டு அங்குல வட்டம் ஒன்று வெட்டிப் பாருங்கள். துண்டு இறங்காமல் மேலேயே நின்றால் சாய்வைக் கால் பாகை குறையுங்கள், மட்டத்துக்குக் கீழே போனால் கால் பாகை கூட்டுங்கள். சரியான பாகை கிடைத்ததும் மேஜையிலேயே பென்சிலில் குறித்து வையுங்கள், அந்த பிளேடு எண்ணையும் பக்கத்தில் எழுதி.